கார் கண்ணாடி வாஷர் தண்ணி சரியா அடிக்கலையா? மோட்டாரை மாத்தணும்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க

போன மாதம் திண்டிவனம் தாண்டி வரும்போது முன்னால் போன லாரி கண்ணாடி முழுக்கச் சேற்றை வாரி அடித்தது. வாஷர் லீவரை இழுத்தால் தண்ணீர் கண்ணாடியில் ஏறவே இல்லை, பானெட் மேலேயே வழிந்தது. வைப்பர் சேற்றைச் சாணி மெழுகுவது போல் மெழுகிவிட்டது. ஓரம் கட்டி, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைத்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரில் காட்டினேன். அட்வைசர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "மோட்டார் வீக் சார், மாத்திடலாம்" என்றார். லீவரை இழுத்தால் மோட்டார் 'ஙொய்ங்' என்று நன்றாகவே சத்தம் போட்டது. அதைச் சொன்னேன். "சத்தம் வரும் சார், பிரஷர் வராது" என்றார். வாஷர் தண்ணீர் டேங்க் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது, பம்பரைக் கழற்றணும் என்று அதற்கும் ஒரு கூலி. வரியோடு 3,400 சொச்சம்.

பழைய மோட்டாரைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சு சார்." நான் நகராமல் நின்றதும் ஒரு பையன் எடுத்து வந்து கொடுத்தான்.

ஒன்பது நாள் ஜோராக அடித்தது. பத்தாம் நாள் பழையபடி வழிசல்.

இந்த முறை எங்கள் தெரு முனை எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். பானெட்டுக்கு அடியில், கண்ணாடியில் தண்ணீர் பீச்சும் சின்னத் துளையான நாசிலில் இருந்து ஓஸைப் பிடுங்கிவிட்டு, "இப்ப இழுங்க" என்றார். தண்ணீர் அவர் சட்டையில் பாய்ந்தது. "மோட்டார், ஓஸ் ரெண்டும் ஓகே. அடைப்பு நாசில்லதான்." தையல் ஊசியால் குத்தி, பின்பக்கமாக ஊதினார். சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி வெள்ளையாக இரண்டு துணுக்கு விழுந்தது. நான் வருஷக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு! சென்டரில் ஏர் அடித்திருப்பார்கள், தற்காலிகமாகத் திறந்திருக்கும். டேங்கில் மிச்சமிருந்த பொருக்கு மறுபடி வந்து அடைத்துக்கொண்டது. டேங்கை அலசிவிட்டார். கூலி 150.

அந்தப் பழைய மோட்டாரையும் விடவில்லை. வாளித் தண்ணீரில் முக்கி, பேட்டரியில் இருந்து ஒயர் கொடுத்தார். சுவர் வரைக்கும் அடித்தது. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அதனால் வண்டியை விடுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள். மோட்டார் சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். சத்தம் இருந்தால் ஓஸைப் பிடுங்கிப் பாருங்கள். அங்கே நன்றாகப் பாய்ந்தால் நாசில்தான். அங்கேயும் சொட்டினால் ஓஸில் எங்காவது விரிசல் விட்டிருக்கும் (பானெட் கீல் பக்கம் மடங்கி மடங்கி வெடிக்கும்), இல்லையென்றால் டேங்க் அடி வலையில் அழுக்கு. இதெல்லாம் தாண்டித்தான் மோட்டார். ஷாம்பு ஊற்றாதீர்கள், அதுவும் பிசுபிசுத்து அடைக்கும். நான் இப்போது ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

வீடியோவோடு சென்டருக்குப் போய்க் கேட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "அடுத்த சர்வீஸ்ல 400 ரூபா கழிச்சுத் தர்றோம் சார்" என்றார். பம்பர் ஓரத்தில் ஒரு கிளிப்பைக் காணோம் என்று சொன்னதற்கு, அதற்குத் தனி எஸ்டிமேட்டாம்.