குடிலுக்கு ஒரு ரயில்: ஹெச்.ஓ. செட், மூன்று டிசம்பருக்குப் பிறகு

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் பொம்மை ரயில் ஓட ஆரம்பித்து மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் மட்டுமே ஏழெட்டு வீட்டில் குடில் வைப்பார்கள். கேரல் பாட வரும் பிள்ளைகள் மற்ற வீட்டில் பத்து நிமிஷம் நின்றால் எங்கள் வீட்டில் அரை மணி நேரம் நிற்கிறார்கள். போகும்போது யாராவது ஒரு அம்மா, "ஆன்ட்டி, இது எங்க வாங்கினீங்க? நாங்களும் வைக்கலாமா?" என்று கேட்காமல் போவதில்லை. வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா ஜோலார்பேட்டையில் பாயின்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. நான் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். ராத்திரி கூட்ஸ் வண்டி கப்ளிங் போடும் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். அவர் வீட்டிலேயே ஒரு சின்னக் குடில் வைப்பார். அதில் தீக்குச்சிப் பெட்டிகளை நூலில் கோர்த்து ஒரு ரயில் நிற்கும். அது ஓடாது. அந்த ரயிலை ஓட வைக்க வேண்டும் என்று எனக்கு ஐம்பது வருஷமாக ஆசை.

முதலில் ஒரு தப்பு செய்தேன். நாலு வருஷத்துக்கு முன் டிசம்பர் நெரிசலில் ஒரு கடையில் பேட்டரி ரயில் செட் வாங்கினேன். கறுப்பு பிளாஸ்டிக் தண்டவாளம், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். பென்சில் செல் இரண்டு போட்டால் இரண்டு சாயங்காலம் ஓடும். நிறுத்தவே முடியாத ஒரு பாட்டு அதனோடு சேர்ந்து ஓடும். குடில் முன்னால் ஜெபமாலை சொல்லும்போது அந்தப் பாட்டுக்குப் பயந்து ரயிலை எடுத்து அலமாரியில் வைப்போம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. கிளம்பினால் பாய்ச்சல், நின்றால் மரம். மூன்று வயதுக் குழந்தை கையில் கொடுக்க அது சரி. குடிலில் வைக்க வேண்டாம்.

அடுத்த வருஷம் மகன் சிகாகோவிலிருந்து வந்தபோது ஹெச்.ஓ. செட் ஒன்றைக் கொண்டுவந்தான். ஹெச்.ஓ. என்றால் நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நீராவி எஞ்சின் ஒன்று, அதன் பின்னால் நிலக்கரி சுமக்கும் டெண்டர் பெட்டி, மூன்று பெட்டி. மின்சாரம் தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. கையில் ஒரு கன்ட்ரோலர், அதில் ஒரு திருகு. மெதுவாகத் திருகினால் எஞ்சினும் மெதுவாகக் கிளம்புகிறது. பேட்டரி செட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தத் திருகில்தான். ஸ்டேஷனை விட்டு வண்டி நகரும் அந்த முதல் அடி, இழுத்து, தயங்கி, பிறகு சீராகப் போவது, இதில் அப்படியே வருகிறது. முதல் தடவை பார்த்தபோது நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் பெட்டியைப் பிரித்ததும் ப்ளக் பாயிண்டில் சொருகிவிடாதீர்கள். அமெரிக்க செட்டோடு வரும் அடாப்டர் அங்கத்திய 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230. பின் சேருகிறதே என்று ஒரு கன்வர்ஷன் ப்ளக்கை மாட்டிப் போட்டால் அடாப்டர் கருகிவிடும். நான் எஸ்.பி. ரோடு போய் 230-ஐ 110 ஆக இறக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினேன். நூறு வாட் தாராளமாகப் போதும் என்றார் கடைக்காரர், போதுகிறது. செங்கல் மாதிரி கனம், மேஜைக்கு அடியில் வைத்துவிட்டோம். சொந்தக்காரர் லண்டனில் இருந்தால் இந்த வேலை இல்லை. அங்கேயும் 230 வோல்ட்தான், ப்ளக் மட்டும் மாற்றினால் போதும். ஹார்ன்பி போன்ற பிரிட்டிஷ் செட்டுகள் 76-இல் ஒரு பங்கு அளவு, எஞ்சின் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தண்டவாள அகலம் அதே 16.5 தான்.

இனி இடம். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். என் செட்டில் வளைவுத் துண்டு பன்னிரண்டு, நேர்த்துண்டு இரண்டு. எல்லாம் மாட்டினால் 47-க்கு 38 அங்குல நீள்வட்டம் வரும். டீப்பாய் மேல் வைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. பேம்பூ பஜாரில் எட்டுக்கு நாலு ப்ளைவுட் வாங்கி ஆறடியாக வெட்டச் சொன்னேன். நாலடியில் 38 போக இரண்டு ஓரமும் ஐந்தைந்து அங்குலம் மிஞ்சும். வண்டி தடம் புரண்டாலும் தரையில் விழாது. ஆறடியில் 47 போக 25 அங்குலம் மிஞ்சும். அந்த 25 அங்குலத்தில்தான் எங்கள் மாட்டுக்கொட்டகை. நீள்வட்டத்துக்குள்ளே கிராமம். மறுகோடியில் தண்டவாளத்தின் மேல் மலை, மலைக்குள் குகை. மேஜையைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு அடி தள்ளி வையுங்கள். வண்டி குகைக்குள் நின்றுவிட்டால் பின்பக்கமாகக் கை விட வழி வேண்டும். குகை வாயையும் கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பாகம் உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் தள்ளும்; நேர்க்கோட்டில் அளந்து வெட்டினால் உரசும்.

பேத்திக்கு ரயில் மலையேற வேண்டும். "ஊட்டி ரயில் ஏறுதே பாட்டி?" என்றாள். ஊட்டி ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்திருக்கிறது, அதைப் பிடித்துத்தான் ஏறுகிறது என்று சொன்னேன். நம் எஞ்சினுக்கு வழுக்குகிற சக்கரம் மட்டும்தான். நூறு சென்டிமீட்டர் போனால் இரண்டு சென்டிமீட்டர் ஏறலாம், அதற்கு மேல் போனால் சக்கரம் சும்மா சுற்றும். ஒரு தண்டவாளத்துக்கு மேலே இன்னொன்று பாலமாகப் போக ஏழரை சென்டிமீட்டராவது உயர வேண்டும். அதற்கு 375 சென்டிமீட்டர் ஓட்டம் தேவை. எங்கள் வட்டம் ஒரு சுற்றே 330 சொச்சம்தான். பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டியதும் அவளே, "அப்ப குகை போதும்" என்றாள்.

முதல் வருஷம் மூன்றாவது பெட்டி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கவிழ்ந்தது. மருமகள், பெட்டியில்தான் கோளாறு என்று அதை முன்னால் மாட்டிப் பார்த்தாள். அப்போதும் கடைசியில் வருவதுதான் கவிழ்ந்தது. அப்பா தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்பார். நான் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். எட்டாவது இணைப்பில் நகம் தட்டியது. இரண்டு துண்டையும் சேர்க்கும் சின்ன உலோக உறை, ஒரு பக்கத் தண்டவாளத்தைக் கவ்வாமல் அதன் அடியில் சொருகியிருந்தது. அரை மில்லிமீட்டர் படிக்கட்டு. கழற்றி, மூக்குக் குறட்டால் உறையை லேசாக நெருக்கி, மறுபடி நேராகத் தள்ளினேன். அன்றிலிருந்து அந்த இடத்தில் கவிழவே இல்லை. செட்டில் கோளாறு என்று திருப்பிக் கொடுக்குமுன் நகத்தால் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

பஞ்சு வேண்டாம். இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன். பனி மாதிரி இருக்கட்டும் என்று மெடிக்கல் ஷாப் பஞ்சைத் தண்டவாள ஓரம் பரப்பியிருந்தேன். இரண்டாம் நாள் வண்டி திணறியது, சூடான வாசனை வந்தது. எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தால் அச்சில் வெள்ளை நூல் ராட்டை சுற்றின மாதிரி இறுகிக் கிடக்கிறது. மருமகளின் புருவம் எடுக்கும் சாமணத்தால் ஒவ்வொரு இழையாக இழுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எஞ்சின் பிழைத்தது. ஜரிகைத் தூளும் அப்படித்தான். பச்சை மரத்தூள் தூவுவதானால் தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி, காய்ந்தபின் ஊதிவிட்டு வையுங்கள். நான் இப்போது பனியே வைப்பதில்லை. டிசம்பர் 12 வாக்கில் தட்டுகளில் கேழ்வரகு விதைத்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்குள் இரண்டு விரல் உயரம் பச்சைப்பசேலென்று நிற்கும். நடுவில் ரயில் போகும்போது உண்மையிலேயே ஒரு வயல்வெளிதான். தண்ணீர் மட்டும் தட்டோடு நிற்க வேண்டும். மலிவான செட்டில் இரும்புத் தண்டவாளம் இருக்கும், அது துருப் பிடிக்கும். நிக்கல் சில்வர் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

மாடி வீட்டு அக்கா, "உங்க சூசையப்பர் ரயிலைவிட உயரமா இருக்காரே" என்றார். உண்மைதான். சிவாஜிநகர் மாதா கோவில் பக்கத்தில் வாங்கிய சூசையப்பர், மாதா முதலான குடில் சுரூபங்கள் ஆறு அங்குலம். ஹெச்.ஓ. கணக்குப்படி ஒரு ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட வரமாட்டான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரயில் சூசையப்பரின் விளையாட்டுப் பொருளாகிவிடும். அதனால் கொட்டகையைப் பார்க்கிறவர் பக்கம், முன்கோடியில் வைத்தேன். அதற்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கேழ்வரகுத் தட்டு. ரயிலை ஒட்டி இருக்கும் வீடுகளை ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் நானே வெட்டினேன், கதவு ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர். பிள்ளைகள் குனிந்து கொட்டகை வழியாகப் பார்த்தால் கிராமம் தூரத்தில் தெரிகிறது, ரயில் அந்தத் தூரத்தில் போகிறது. கடையில் விற்கும் விளக்கு வைத்த பீங்கான் வீடுகள் ஹெச்.ஓ.வைவிடப் பெரியவை, வாங்கினால் முன்வரிசையில் வையுங்கள், தண்டவாளத்தை ஒட்டி வேண்டாம். விளக்கெல்லாம் எல்.இ.டி. மட்டும். வைக்கோல் இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

பெத்லகேமில் ஏது ரயில் என்று எங்கள் கோவில் பங்கின் அன்பியக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். 1223-இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் முதல் குடிலை வைத்தபோது அந்த ஊர் ஜனங்களும் அந்த ஊர் மாடும் கழுதையும்தானே வந்து நின்றன? பாலன் நம் ஊரில் பிறந்தார் என்று காட்டத்தானே குடில்? என் ஊர் ஜோலார்பேட்டை. அங்கே ரயில் இல்லாமல் ஒரு கிராமத்தை எனக்கு நினைக்கத் தெரியாது. 1864-இலேயே பெங்களூர் கண்டோன்மென்டையும் ஜோலார்பேட்டையையும் சேர்த்தது ரயில் பாதைதான். அதே பாதையில்தான் நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் 26-ஆம் தேதி பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார்.

பராமரிப்பு அதிகமில்லை, ஆனால் தினமும் உண்டு. நம் தெருத் தூசி இரண்டு நாளில் தண்டவாளத்தில் கறுப்பாகப் படியும், வண்டி விக்கி விக்கிப் போகும், எஞ்சின் விளக்கு மினுக்கும். மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைக்கும். பழைய வேட்டித் துணியில் நனைத்து, கரன்ட்டை அணைத்துவிட்டுத் துடைத்தால் போதும். உப்புக் காகிதம் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் அழுக்கு இன்னும் பிடிக்கும். ஒரு வாரம் தொடர்ந்து ஓட்டிய அனுபவத்தில், அரை மணி ஓட்டம், கால் மணி ஓய்வு என்று வைத்துக்கொண்டேன்.

குறையும் உண்டு. கப்ளிங் கொக்கி பிளாஸ்டிக், பேரன் கையில் ஒன்று உடைந்தது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் திருகை மட்டும் தொடலாம், பெட்டியைத் தொடக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம். ஜல்லி வார்த்த அடித்தளத்தோடு வரும் தண்டவாளம் ஒரு கம்பெனியுடையது இன்னொரு கம்பெனியோடு சேராது. பின்னால் வட்டத்தைப் பெரிதாக்க ஆசை வந்தால் அதே கம்பெனியைத் தேட வேண்டும், அது இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. மகனிடம் அடுத்த முறை நேர்த்துண்டு நாலு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு வாங்கலாமா என்றால், ஆறடி இடமும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஆளும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். இடம் இல்லையென்றால் இதே ரயிலில் 'N' அளவு என்று ஒன்று உண்டு, 160-இல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மில்லிமீட்டர்; சின்ன மேஜையிலேயே வட்டம் அடங்கும். என் கண்ணுக்கு அது ரொம்பச் சின்னது.

24-ஆம் தேதி நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் பேத்தி பாலனைத் தொட்டிலில் வைப்பாள், பேரன் திருகைத் திருப்புவான். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். ஐஸ் குச்சியில் செய்த கைகாட்டி மட்டும் இன்னும் ஷோகேஸில் நிற்கிறது. அதற்குச் சிவப்பு விளக்கு இல்லை. அடுத்த தடவை எஸ்.பி. ரோடு போகும்போது மூன்று மில்லிமீட்டர் எல்.இ.டி. ஒன்று வாங்க வேண்டும்.