டெய்ம்லர் டிஎஸ்420: பின் சீட்டில் இருப்பவருக்காகவே கட்டிய கார்

இங்கிலாந்தில் கல்யாண வாடகைக்கு ஓடும் ஒரு டிஎஸ்420 லிமோசினைப் பல வருடங்களாக ஓட்டுகிறேன். இந்தக் காரை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் பின்னால் ஏறி உட்காரச் சொல்வேன். கூரை உயரம், கதவு அகலம், தட்டையான தரை. தரையைக் கூட்டும் கவுனோடு வரும் மணப்பெண்ணும் குனிந்து நெளியாமல் ஏறி இறங்கலாம். அதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்த அக்கறை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆஸ்டின் என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்திலிருந்து வருகிறது. லண்டன் கிங்ஸ்பரியில் கார் பாடி கட்டிய வாண்டன் பிளாஸை ஆஸ்டின் 1946இல் வாங்கியது. மறு வருடமே ஆஸ்டினின் ஷியர்லைன், பிரின்சஸ் என்ற இரண்டு பெரிய கார்களும் அறிமுகமாயின. 1952இல் வந்த நீளமான பிரின்சஸ் லிமோசினுக்கு 4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். மேயர்களும் கல்யாண, இறுதிச்சடங்கு நிறுவனங்களும் விரும்பி வாங்கிய வண்டி அது. 1968 வரை தயாரானது. அதற்குள் ஆஸ்டினின் தாய் நிறுவனமும், டெய்ம்லரை வைத்திருந்த ஜாகுவாரும் ஒன்றாகிவிட்டன. பிரின்சஸ், டெய்ம்லரின் பழைய லிமோசின் இரண்டின் இடத்துக்கும் டிஎஸ்420 வந்தது. ஜாகுவார் 420ஜி என்ற காரின் அடித்தளத்தை 21 அங்குலம் நீட்டி, அதே கிங்ஸ்பரியில் 1979 வரை கட்டினார்கள். அப்புறம் வேலை கோவென்ட்ரிக்குப் போனது. 1992இல் உற்பத்தி நின்றது. ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்கே எஞ்சினோடு வெளிவந்த கடைசி கார் இதுதான்.

அந்த 4.2 லிட்டர் எஞ்சின்தான் ஓட்டுநருக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். ஊர்வல வேகத்தில் சத்தமே தெரியாது. நெடுஞ்சாலையில் மூச்சு வாங்காது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பின்பக்கம் இரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் என்பதால் மேடு பள்ளம் பின்னால் அதிகம் தெரிவதில்லை. ஆனால் முன் சீட்டுக்குப் பின்னாலேயே கண்ணாடித் தடுப்பு. சீட்டைத் தள்ளிப் போட இடமில்லை. உயரமானவர்களுக்கு முழங்கால் வலி நிச்சயம்.

பெட்ரோல் நன்றாகவே குடிக்கும். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஒட்டி உள்ளே இருப்பதால், அங்கே சின்ன வேலைக்கும் கூலி ஏறிவிடும். எஞ்சின், பிரேக் பாகங்கள் பல ஜாகுவாரோடு பொது, சுலபமாகக் கிடைக்கும். பாடித் தகடும் குரோம் பட்டைகளும்தான் கஷ்டம். அதனால் ஓட்டத்தில் குறை இருந்தாலும் துருப்பிடிக்காத வண்டியையே எடுங்கள். கதவுக்குக் கீழ் விளிம்பு, பின் சக்கர வளைவு இரண்டையும் காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

கராஜையும் அளந்துகொள்ளுங்கள். வண்டி 5.74 மீட்டர், இங்கே வழக்கமான பார்க்கிங் கட்டம் 4.8 மீட்டர்தான்.