கடலைச் சுமப்பதா, கரைப்பதா?

கோவை வடவள்ளியில் வீட்டுக்குள், மீனும் பவளமும் வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால், யாரும் மீனைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நொய்யல், பவானி, அமராவதி என்று ஆறுகளைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கடலைப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்ட வேண்டும்.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. கடலுக்கே போய்க் கேனில் மொண்டு வருவது ஒன்று. ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்துக்கொள்வது இன்னொன்று. திருப்பூரில் இருக்கும் என் மச்சான் முதல் கட்சி, நான் இரண்டாவது. இருவர் தொட்டியும் ஏறத்தாழ நூறு லிட்டர்; இரண்டிலும் ஒரு ஜோடி க்ளவுன் மீன், பவளத்தின் உறவான ஜோவாந்திட் கொஞ்சம், கொஞ்சம் காளான் பவளம். மூன்று வருடமாக எந்த விசேஷத்தில் சந்தித்தாலும், பந்தியில் இலை போடும் வரை இதே வழக்குதான்.

முதலில் மச்சான் பக்கத்து நியாயம். கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதில் கால்சியம் 410 மில்லிகிராம் அளவிலும் மெக்னீசியம் 1,300 மில்லிகிராமை ஒட்டியும் இருக்கும். பவளத்துக்கு என்ன விகிதம் வேண்டுமோ அதைக் கடலே போட்டுத் தருகிறது. விலையும் கிடையாது.

ஆனால் இலவசம் என்பது தண்ணீர் மட்டும்தான். கோவையிலிருந்து கேரளக் கரையில் இருக்கும் பொன்னானிப் பக்கம் போய்வர 270 கிலோமீட்டர் ஆகிவிடும். 25 லிட்டர் கேன் எட்டு என்றால் 200 லிட்டர். கடல்நீர் என்பதால் எடை 205 கிலோ. காரின் பின்பக்கம் தரையைத் தொடப் பார்க்கும். பெட்ரோல் 18 லிட்டராவது போகும். மச்சானுக்கு இந்தக் கணக்கு உறைக்காது. அவன் பனியன் சரக்கு வண்டி கொச்சிக்குப் போய்விட்டுக் காலியாகத்தான் திரும்புகிறது.

நானும் ஆரம்பத்தில் அவன் கட்சிதான். மாறியது ஒரு ஜூலை மாதத்தில். ஞாயிற்றுக்கிழமை விடியலில் போய், கரையில் முழங்கால் ஆழத்தில் நின்று எட்டுக் கேனையும் நிரப்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினேன். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் 35க்குப் பதில் 28 காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை பார்த்தேன். கெட்டது கருவியல்ல, என் புத்தி. பொன்னானியில்தான் பாரதப்புழா கடலில் விழுகிறது. தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருக்கெடுத்து வரும்போது முகத்துவாரத்துக்கு அருகில் மொண்டால், பாதி ஆற்றைத்தான் மொள்ளுவோம். கலங்கல் வேறு. மூடி வைத்த கேன்கள் நான்காம் நாளே அழுகிய முட்டை வாடை அடித்தன. தண்ணீரிலிருந்த மிதவை உயிர்கள் காற்றில்லாமல் செத்து அழுகியிருந்தன. எட்டுக் கேனும் சாக்கடைக்குப் போயின.

மச்சான் என்னைவிடக் கெட்டிக்காரன். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் எடுப்பான். முகத்துவாரம் இல்லாத கரையில், படகுக்காரரிடம் சொல்லி, நன்றாக உள்ளே போய் எடுத்துவரச் செய்வான். வந்த தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத டிரம்மில் காற்றுக் குழாய் போட்டு இரண்டு வாரம் விடுவான். உள்ளே இருக்கும் உயிர்கள் செத்து, மட்கி, வண்டலாக அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை மட்டும் எடுப்பான். இந்தப் பொறுமை உள்ளவருக்கு இயற்கைக் கடல்நீர் குறை வைக்காது. அவன் தொட்டியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு.

இனி என் கட்சி. உப்புக் கரைப்பது என்றதும் உறவினர் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "தூத்துக்குடி உப்பும் கடல் உப்புதானே, அதைப் போட்டால் என்ன?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலிலேயே படிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு விளைவதைத்தான் வாரி எடுக்கிறார்கள். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியேறிவிடுகிறது. கல்லுப்பு என்பது கடலிலிருந்து சோடியம் குளோரைடை மட்டும் பிரித்தெடுத்தது. பவளம் எலும்பு கட்டத் தேவையானவை அதில் இல்லை. ரசத்துக்கு அது போதும்.

தொட்டிக்கென்று விற்கும் உப்பு 20 கிலோ வாளியின் விலை கேட்டால் தலை சுற்றும். கணக்குப் போட்டால் கொஞ்சம் தெளியும். லிட்டருக்கு 36 கிராம் என்றால் முதல் நிரப்பலுக்கு 3.6 கிலோ. வாரம் பத்து லிட்டர் மாற்றினால் மாதம் ஒன்றரைக் கிலோ. ஒரு வாளி ஏறக்குறைய ஒரு வருடம் வருகிறது. பொன்னானிக்கு நாலு தடவை போய்வந்த செலவை அதோடு வைத்துப் பாருங்கள்.

கரைக்கும் முறையில் இரண்டு விஷயம் கறார். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். ஓட்டத்தோடு ஒரு நாள் வைத்து, உப்பளவும் வெப்பமும் பார்த்த பிறகே தொட்டிக்குள் விட வேண்டும்.

இந்த வழியின் உண்மையான செலவு உப்பில் இல்லை, நல்ல தண்ணீரில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குச் சிறுவாணி அணைத் தண்ணீர் வருகிறது, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 40 காட்டும். ஆர்.ஓ. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தடுத்தால் மிச்சம் 2. அதை, மிஞ்சும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும் டி.ஐ. பிசின் எளிதாகச் சுத்தம் செய்துவிடும், பிசினும் வெகு நாள் வரும். திருப்பூரில் மச்சான் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் 1,500. அதே ஆர்.ஓ. போட்டாலும் 75 மிஞ்சும். பிசின் சில வாரத்தில் தீர்ந்துபோகும். ஆக, அவன் கடலுக்குப் போவதில் வீம்பு பாதி என்றால் நிலத்தடித் தண்ணீர் பாதி. டி.டி.எஸ். என்றால் என்னவென்று சாயப்பட்டறை ஊரில் குழந்தைக்குக் கூடத் தெரியும். அவனுக்கு நான் விளக்கப் போவதில்லை. சிறுவாணிக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, கார்பன் வடிகட்டி கட்டாயம். சமையலறை ஆர்.ஓ.வை அப்படியே நம்ப வேண்டாம்; ருசிக்காகக் கொஞ்சம் மூலத்தண்ணீரைக் கலந்துவிடும் திருகோ, தாதுப்பொருள் சேர்க்கும் குழலோ பலவற்றில் இருக்கும். அதற்கு முன்னால் குழாய் பிரித்துத் தண்ணீர் எடுக்க வேண்டும்.

மாற்றியெடுத்த உப்புத்தண்ணீரைப் பார்த்து அப்புச்சி சொன்னார்: "கண்ணு, தென்னம்பிள்ளை வைக்கும்போது குழியில் உப்புப் போடுவோம். அதைத் தென்னைக்கு ஊற்று." வாரம் பத்து லிட்டரில் 350 கிராம் உப்பு, வருடத்துக்கு 18 கிலோ. குழிக்கு ஒரு பிடி போட்டவர் காலத்துக் கணக்கு வேறு. ஊற்றவில்லை.

சிறுவாணியோ பில்லூர் அணைத் தண்ணீரோ வரும் வீடு என்றால் கரைப்பதே சரி. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆழ்குழாயை மட்டும் நம்பியிருப்பவர், கடற்கரைக்கு எப்படியும் வண்டி போகிறது என்றால், மச்சான் வழியை ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் பின்பற்றலாம்.

அடுத்த சண்டை குளிர்ச்சி: மின்விசிறியா, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியா? சில்லர் இல்லாமல் ரீஃப் தொட்டியே, அதாவது பவளத் தொட்டியே, கிடையாது என்பார்கள் கடையில். சென்னைக்காரருக்குச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். தண்ணீர்ப்பரப்பில் விசிறி வீசினால் ஆவியாதலால்தான் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் ஊரில் அது திணறும். நம் ஊர்க் கோடையோ வறண்டது. ஏப்ரல் மத்தியானத்தில் 31 டிகிரியைத் தொடும் தொட்டியை இரண்டு சின்ன விசிறிகள் 28க்குக் கொண்டுவருவதை நான் பார்க்கிறேன். ஜூன் பிறந்து கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும்போது ஊரே குளிர்ந்திருக்கும், விசிறிக்கு வேலையில்லை. ஈரோடு, கரூர்ப் பக்கம் மொட்டைமாடிக்குக் கீழே தொட்டி வைத்தவர்களுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. அவர்கள் சில்லர் வாங்கட்டும். 30க்கு மேல் பல நாள் நின்றால் பவளம் தன்னுள் வாழும் பாசியை உதறிவிட்டு வெளுத்துப்போகும்.

விசிறியின் தொல்லை வேறிடத்தில். கோடையில் நாளுக்கு மூன்று லிட்டர் ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. மூன்று நாள் கவனிக்காமல் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் 35 இருந்தது 38.5 ஆகியிருக்கும். ஈடு செய்ய வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத்தண்ணீரை ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். மிதவை வைத்த தானியங்கி நிரப்பி ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

இன்னொன்று: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் விசிறியும் தண்ணீரை அலைக்கும் வேவ்மேக்கரும் நாள் முழுக்க ஓடும். சில்லரைப் போட்டால் பேட்டரி மத்தியானத்துக்குள் படுத்துவிடும்.

கழிவை மாற்றும் பாக்டீரியா குடியேறத் தொட்டிக்குள் போடும் கல் விஷயத்தில் நீண்ட ஒப்பீடு தேவையில்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று மெதுவான குரலில் காட்டப்படும் பவளக்கல்லைத் தொடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள், கடல்விசிறி, கடற்குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுவந்து போட்ட நண்பர் ஒருவரும் உண்டு. அது இறுகிய கல், பாக்டீரியா குடியேற உள்ளே துளைகள் இல்லை. நுண்துளைகளோடு வார்த்துச் செய்த உலர்ந்த கல்தான் மிச்சம். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட், நைட்ரேட் என்று மாற்றும் சுழற்சி நிலைக்க ஆறு வாரமாவது வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மீனையும் தொட்டியிலேயே பொரித்து வளர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். க்ளவுன் மீனை அப்படி வளர்க்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் செய்து காட்டியிருக்கிறது.

போன ஆனியில் மச்சான் போன் செய்தான். மழை பிடித்துவிட்டதாம், டிரம்மில் கடல் தீர்ந்துவிட்டதாம், ஐந்து கிலோ உப்புக் கடனாகக் கிடைக்குமா என்றான். சிறுவாணியில் எடுத்த ஆர்.ஓ. தண்ணீரும் இரண்டு கேன் சேர்த்துக் கொடுத்தேன்.