தூக்கணாங்குருவிக் கூடும் அணில் கூடும்

ஒரே பனையில் இரண்டையும் பார்க்கலாம். தூக்கணாங்குருவியில் ஆண்தான் கூடு கட்டும். நெல்தாளையும் பனையோலையையும் நார்நாராகக் கிழித்து, சுமார் 500 தடவை பறந்து பறந்து முடைகிறது. பாதி முடிந்ததும் பெட்டை வந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே அந்தரத்தில் ஆடும். வாசல் கீழ்நோக்கிய குழாய், பாம்பு நுழையத் திணறும். உதிர்ந்த கூடு ஒன்றில் விரல்விட்டுப் பார்த்தேன்: உள்சுவரில் காய்ந்த களிமண் அப்பியிருந்தது.

முதுகில் மூன்று கோடுள்ள நம்மூர் அணில் அழகு பார்க்காது. தேங்காய் நார், பஞ்சு, கந்தல் துணி என்று கிடைத்ததை உருட்டி மட்டை இடுக்கில் திணிக்கும். கண் திறக்காத குட்டிகளுக்கு அந்த மெத்தைதான் தேவை.

வேலைப்பாட்டில் என் ஓட்டு குருவிக்கே. ஆனால் அதற்கு வயலும் கிணற்றோர மரமும் வேண்டும். அணிலுக்கு வீட்டுக் கூரை இடுக்கே போதும்.