குடமுருட்டிக் கரையில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம்

உ. வே. சாமிநாதையரின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் அவருடைய நினைவு இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பக்கத்து ஊரொன்றில் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் செப்பனிட்டுப் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு போயிருந்தோம். பெரியவர்களுக்கு 30 ரூபாய் கட்டணம், பிள்ளைகளுக்கு இல்லை. நாட்டு ஓடு வேய்ந்த சிறிய வீடு அது. தெருவைப் பார்த்த நீண்ட திண்ணைதான் வகுப்பறை. உள்ளே ஒரே கூடம்.

சுற்றிக் காட்டிய இளைஞர் முதலில் எங்கள் ஏழு வயது மகளை உட்காரவைத்து, ஆற்றுமணலைப் பரப்பி, அவள் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தார். "விரலை எடுக்காம எழுதும்மா" என்று அவர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் சுழி சரியாக வந்தது. பெரியவர்கள் கேட்டால் எழுத்தாணியும் ஒரு ஓலை நறுக்கும் தருகிறார்கள். நான் கீறியது கண்ணுக்கே தெரியவில்லை. அவர் மை தடவித் துடைத்ததும் எழுத்து கறுப்பாக மேலே வந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கப்போய் ஓலையைப் பொத்துவிட்டேன். ஏடுகளில் ஏன் பெரும்பாலும் புள்ளி இல்லை என்பதை எந்த விளக்கப் பலகையும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்காது.

இந்த இடத்தின் உண்மையான செல்வம் கூடத்துச் சுவரில் எழுதியிருக்கும் எண்சுவடி என்ற பழைய கணக்கு வாய்பாடுதான். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எல்லாம் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் படித்தவை. ஆனால் ஒன்றுக்குக் குறைந்த பின்னங்களைச் சொல்லும் கீழ்வாய்க் கணக்கு காவிரி டெல்டாவின் வயலோடு ஒட்டியது. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. இங்கே இன்றும் நிலத்தை மாக் கணக்கில்தான் சொல்கிறோம், 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். சுவரில் முந்திரி என்ற பின்னத்துக்கு நேரே 1/32 என்று எழுதியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை; திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர்தான், "நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, இருபது மா ஒண்ணு, பெருக்கிப் பாரு தம்பி" என்றார். பெருக்கினால் 320. இளைஞர் உடனே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து, "சரிதான் பெரியப்பா" என்று சிரித்தார். அந்தப் பெரியவரையே கேட்டால் காணி வாய்பாட்டை ராகத்தோடு சொல்லிக்காட்டுவார்; நீங்கள் போகும்போது அவர் திண்ணையில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. கூரை உத்தரத்தில் கோதண்டக் கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தவறு செய்த பையன்களைத் தொங்கவிட்டு அடித்த கயிற்றில் தம் பிள்ளைகளைத் தொங்கச்சொல்லிப் படமெடுக்கும் பெற்றோரை யாரும் தடுக்கவில்லை, எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொன்று, இந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது, யார் முடியவில்லை என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டபோது, மாணவர்களைச் சாதிவாரியாகவும் ஆண் பெண் என்றும் பிரித்தே எண்ணினார்கள். அதில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. சேரிப் பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் திண்ணை ஏறவே வழியில்லை. மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்ட மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைக்கும், நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டமடித்து வாத்தியாருக்குக் காசு சேர்த்த மானம்பூவுக்கும் இரண்டு பலகை ஒதுக்கியவர்கள் இதற்கும் ஒன்று ஒதுக்கியிருக்கலாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சுவடிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தரையில் உட்காரத் தயாராக இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். நண்பகலுக்குமேல் திண்ணையில் வெயில் ஏறிவிடுவதால் காலையிலேயே போவது நல்லது. குடிதண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும், பக்கத்தில் கடை இல்லை.