பெய்ஹாயா, ஷிச்சாஹாயா? பெய்ஜிங்கின் பழைய ஏரிக்கரையில் ஒரு அரை நாள்

அரண்மனையும் பெருஞ்சுவரும் பார்த்தாகிவிட்டது, பெய்ஜிங்கில் இன்னும் அரை நாள் கையில் இருக்கிறது. இப்படி நிற்பவர்களுக்கு மூன்று இடங்களைச் சொல்வார்கள்: பெய்ஹாய் பூங்கா, ஷிச்சாஹாய் ஏரிக்கரை, நான்லுவோகுஷியாங் கடைத்தெரு. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி ஓடினால் எதுவும் மனதில் தங்காது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் ஷிச்சாஹாயைத்தான் சொல்வேன். அதிலும் எல்லோரும் போகும் முனையை விட்டுவிட்டு, வடமேற்கு மூலையிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

நான்லுவோகுஷியாங்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஏறக்குறைய 800 மீட்டர் நீளமுள்ள ஒரே தெரு. இருபுறமும் எட்டெட்டு சந்துகள். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலிய யுவான் வம்ச அரசர்கள் நகரத்தைக் கட்டியபோது போட்ட அமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் பிரதான தெருவில் தின்பண்டக் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் தோளோடு தோள் உரசும் கூட்டமும்தான். 2016-இல் கூட்டம் தாங்காமல், தனக்கிருந்த சுற்றுலாத் தர அங்கீகாரத்தையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த தெரு இது. போனால் பக்கத்துச் சந்துகளில் நடங்கள். மாவோர் சந்தில் கடைசிப் பேரரசி வான்ரோங் மணமாகும் முன் வாழ்ந்த வீடு இருக்கிறது.

உண்மையான போட்டி பெய்ஹாய்க்கும் ஷிச்சாஹாய்க்கும்தான். இரண்டிலும் ஒரே தண்ணீர். வடமேற்கிலிருந்து வரும் நீர் முதலில் மேற்கு ஏரியான ஷீஹாய்க்கு வருகிறது; அங்கிருந்து பின் ஏரி ஹோவ்ஹாய், முன் ஏரி சியென்ஹாய், அப்புறம் பெய்ஹாய். இந்த வரிசையை ஒரு மதில்தான் இரண்டாகப் பிரித்தது. மதிலுக்குத் தெற்கே இருந்த பெய்ஹாய் பேரரசருடைய தோட்டம். வடக்கே இருந்த மூன்று ஏரிகளும் சேர்ந்ததுதான் ஷிச்சாஹாய்; அவை மதிலுக்கு வெளியே இருந்தவை. அவற்றின் கரையில் இளவரசர்கள் மாளிகை கட்டினார்கள், துறவிகள் கோயில் எழுப்பினார்கள், வியாபாரிகள் கடை போட்டார்கள், சாதாரண மக்கள் குடியிருந்தார்கள். இன்றைக்கும் இரண்டு இடங்களின் குணமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பெய்ஹாயைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. 1651-இல் எழுப்பப்பட்ட வெள்ளை ஸ்தூபி, பளபளக்கும் ஓடுகளால் ஆன ஒன்பது டிராகன் சுவர், நிழல் தரும் நீண்ட நடைக்கூடங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. 1925-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. காலையில் ஓய்வுபெற்றவர்கள் கூட்டமாகப் பாடுவார்கள். தரையில் தண்ணீர் தொட்டுப் பெரிய தூரிகையால் எழுதுவார்கள். வயதான பெற்றோரையோ சின்னக் குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு வந்திருந்தால் யோசிக்காமல் பெய்ஹாய்க்கே போங்கள். வண்டித் தொல்லை இல்லை, உட்கார இடம் இருக்கிறது, வழி தவறாது. ஆனால் அது இரவில் கதவைச் சாத்தும் பூங்கா, அங்கே யாரும் குடியிருக்கவில்லை. ஷிச்சாஹாயில் ஒரு வீட்டு வாசலில் சைக்கிள் சாய்ந்திருக்கும், கொடியில் துணி காயும், மரத்தடியில் நாலு பேர் சீனச் சதுரங்கத்தில் மூழ்கியிருப்பார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

சரி, ஷிச்சாஹாய்க்குள்ளேயே எங்கே? மூன்று ஏரிகளும் மூன்று விதம்.

முன் ஏரி எல்லோரும் இறங்கும் இடம். படகு, பாட்டு, கடைகள், வரிசையாக மதுக்கூடங்கள். இரவில் விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழும்போது அழகுதான், ஆனால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. இங்கே தவறவிடக் கூடாதது, பலர் கவனிக்காமல் கடந்துபோகும் வான்னிங் பாலம். யுவான் காலத்துப் பாலம் அது. கரையில் தண்ணீரைப் பார்த்தபடி கல் விலங்குகள் படுத்திருக்கும். 2014-இல் தெற்கிலிருந்து பெய்ஜிங் வரை வெட்டிய பெருங்கால்வாயோடும், 2024-இல் பழைய நகரத்தின் வடக்கு-தெற்கு நேர்க்கோடான பெய்ஜிங் மைய அச்சோடும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

பின் ஏரியில் சத்தம் அடங்கத் தொடங்கும். வடகரையில் இளவரசர் சுன் மாளிகை இருக்கிறது. கடைசிப் பேரரசர் பூயி 1906-இல் அங்கேதான் பிறந்தார். அதன் தோட்டப் பகுதியில், சீனக் குடியரசின் முதல் தலைவரான சன் யாட் சென்னின் மனைவி சூங் சிங்லிங் 1963 முதல் 1981-இல் இறக்கும் வரை வாழ்ந்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பெரும்பாலான பயணிகள் இதை விட்டுவிட்டு முன் ஏரிக்கு அருகே உள்ள இளவரசர் கோங் மாளிகைக்குப் போகிறார்கள். ஊழலில் கொழித்த அமைச்சர் ஹெஷென் கட்டிய மாளிகை அது. 1799-இல் புதிய பேரரசர் அவரைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி உத்தரவிட்டார். கதையும் பெரிது, கட்டடமும் பெரிது, கூட்டமும் பெரிது. கடவுச்சீட்டு எண் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. கட்டடக்கலையில் ஆர்வம் இருந்தால் கோங் மாளிகை. ஒரு தோட்டத்தில் அமைதியாக உட்கார ஆசைப்பட்டால் சூங் சிங்லிங் வீடு. நான் இரண்டாவதையே தேர்வேன்.

மேற்கு ஏரிதான் என் கட்சி. தாமரையும் நாணலும் மண்டிய சின்ன ஏரி. இதன் வடகரை மேட்டில் யுவான் காலத்துப் பொறியாளர் குவோ ஷோவ்ஜிங்கின் நினைவகம் இருக்கிறது. இந்த மனிதரைத் தெரிந்துகொள்ளாமல் ஷிச்சாஹாயைப் புரிந்துகொள்ள முடியாது. யுவான் பேரரசர் குப்லாய் கானின் தலைநகரான இந்த ஊருக்குத் தெற்கிலிருந்து தானியம் வர வேண்டும், ஆனால் படகு ஓடப் போதிய தண்ணீர் இல்லை. வடக்கே இருந்த பைஃபூ ஊற்று நீரை நேராகக் கொண்டுவராமல், மேற்கே திருப்பி, மலையடிவாரச் சரிவை ஒட்டி வளைத்து இந்த ஏரியில் சேர்த்தார். நேராக வந்திருந்தால் இடையிலிருந்த பள்ளத்தில் நீர் வடிந்துபோயிருக்கும். 1293-இல் வேலை முடிந்தது. ஹாங்சோவிலிருந்து வரும் பெருங்கால்வாயின் வட முனையாக இந்த ஏரிக்கரை ஆனது. பாய்மரப் படகுகள் நெருக்கியடித்து நின்ற துறைமுகம் இது. யுவானுக்குப் பின் வந்த மிங் வம்சத்தின் காலத்தில் அரண்மனை மதில் விரிந்து கால்வாயை உள்ளே இழுத்துக்கொண்டபின் படகு வரத்து நின்றது. ஒரு பொறியாளரின் மூளையை இப்படிக் கண்ணெதிரே தண்ணீராகப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

எப்படிச் சுற்றுவது என்பதிலும் போட்டி உண்டு. மிதிரிக்‌ஷா ஏறினால் கால் வலிக்காது. ஆனால் சொன்ன விலை ஆளுக்கா வண்டிக்கா, ஒரு வழிக்கா முழுச் சுற்றுக்கா என்பதை ஏறும் முன்பே தெளிவாகப் பேசிவிட வேண்டும். படகு முன் ஏரிக்கு நல்லது. வாடகை சைக்கிள் எளிது, ஆனால் கூட்ட நேரத்தில் சந்துகளில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். நடைக்கு ஈடு எதுவுமில்லை.

கோடையா குளிரா? தாமரை வேண்டுமென்றால் ஜூலை. குளிரைத் தாங்க முடியும் என்றால் ஜனவரி. முன் ஏரியும் பின் ஏரியும் உறைந்து, குழந்தைகள் பனி நாற்காலியில் சறுக்குவார்கள். காற்று தெளிந்த நாளில், இந்த இரண்டு ஏரிகளும் சேரும் இடத்திலுள்ள யின்டிங் பாலத்திலிருந்து மேற்கு மலைகள் தெரியும். பழைய பெய்ஜிங்வாசிகள் கொண்டாடும் காட்சி அது.

காலையில் ஜிஷுய்தான் மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். மேற்கு ஏரியைச் சுற்றி, தெஷெங் பாலம் வழியாகப் பின் ஏரியின் வடகரை, அப்புறம் யின்டிங் பாலம், புகைக்குழாய்க் கடைகளால் பெயர்பெற்ற சாய்ந்த தெரு யான்தாய், கடைசியில் முரசு கோபுரம். முரசு, மணி என்று இரண்டு கோபுரங்கள் எதிரெதிரே நிற்கும். இரண்டிலும் படிகள் செங்குத்து. ஒன்றில் ஏறத்தான் தெம்பு இருக்கிறது என்றால் முரசு கோபுரத்தில் ஏறுங்கள். மேலே குறித்த நேரங்களில் முரசு வாசித்துக் காட்டுவார்கள்.