கிளேசியர் பே: பாய்மரப் படகா, டிராலரா?

அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடாவுக்குள் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை ஜூனில், நண்பரின் 34 அடி பாய்மரப் படகில். மறு வருடம் ஜூலையில், வாடகைக்கு எடுத்த 38 அடி டிராலரில். டிராலர் என்றதும் நம்மூர் மடிவலைப் படகை நினைக்க வேண்டாம். அதே பருத்த உடம்பு, ஒற்றை டீசல் எஞ்சின்; ஆனால் உள்ளே படுக்கை, சமையலறை, சுற்றிலும் கண்ணாடி வைத்த சுக்கான் அறை. மூன்றாவது முறை போனால் என் ஓட்டு டிராலருக்குத்தான்.

பாய்மரப் படகு டீசலைக் கொஞ்சமாகக் குடிக்கும், டிராலரில் கால் நீட்ட இடம் இருக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாமல் போய் நான் ஏமாந்தது காற்று விஷயத்தில். கோடையில் விரிகுடாவுக்குள் காற்று இருக்காது, இருந்தால் நேர் எதிரே அடிக்கும். ஏழு நாளில் இரண்டு தடவை பாய் விரித்தோம், மொத்தமே நான்கு மணி நேரம் தேறாது. மீதி நேரமெல்லாம் அது கம்பம் நட்ட மோட்டார் படகு.

ஏழு நாள் என்பது எங்கள் கணக்கு இல்லை. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் தனியார் படகு உள்ளே நுழைய முடியாது. ஒரு நாளில் 25 தனியார் படகுக்குத்தான் இடம், ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் ஏழு நாள். விரிகுடாவின் வாயிலிருந்து உட்கோடியில் இருக்கும் மார்ஜரி பனியாறு வரை 65 மைல். அப்படியானால் வேகமான படகு மேல் அல்லவா என்று கேட்பீர்கள். பெரிய வித்தியாசம் இல்லை. வாயருகே உள்ள பார்ட்லெட் கோவ் என்ற சிறு குடாவைத் தாண்டியதும் சிடக்கடே நெரோஸ் என்றொரு குறுகல் வரும். இங்கே கடலின் ஏற்ற இறக்கம் 25 அடி வரை போகும். அந்தத் தண்ணீர் முழுக்க இந்தக் குறுகல் வழியாகத்தான் போய் வர வேண்டும். நீரோட்டம் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்துக்கு மேல் இழுக்கும். எங்கள் பாய்மரத்தின் முழு வேகமே 6. ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிவிட்டு, கரையிலிருந்த ஒரே பாறையை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். டிராலரின் 8 நாட் வேகத்திலும் கடல் ஏற்ற இறக்க அட்டவணை பார்க்காமல் போனால் ஊர்ந்துதான் ஆக வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேகமல்ல, சூடு.

1794-ல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இன்று நாம் படகோட்டும் தூரம் முழுக்கப் பனிக்கட்டி; அவர்கள் கண்டது வாயிலில் நின்ற பனிச்சுவரை. அந்தப் பனி பின்வாங்கிப் போன இடத்துக்குள் நீங்கள் மேலே போகப் போக, கோடையிலும் குளிர் ஏறிக்கொண்டே வரும். மழை வேறு, நின்றால்தான் செய்தி. மிதக்கும் கட்டிகளுக்கு நடுவே போகும்போது ஒருவர் கண் கொட்டாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மேசை அளவே வெளியே தெரியும் கட்டிக்குக் கீழே ஒரு லாரி மறைந்திருக்கும். பாய்மரப் படகில் அந்தக் காவல் காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடிப்பவர் உட்காரும் திறந்த பள்ளத்தில், மழையில். உள்ளே சுவரில் மாட்டிய சின்ன டீசல் அடுப்பு அதன் முன்னால் இருப்பவரின் முழங்காலை மட்டும் சுட வைத்தது. இரவில் எங்கள் மூச்சும் சோற்றுப்பானை ஆவியும் மேல் ஜன்னலின் அலுமினியச் சட்டத்தில் படிந்து, சரியாக என் நெற்றியில் சொட்டின. மூன்றாம் நாள் முதல் காலுறை காயவே இல்லை. ஐந்தாம் நாள் பனியாறு இடிந்து விழும் சத்தம் கேட்டும் நான் போர்வையை விட்டு எழவில்லை. எவ்வளவு செலவு செய்து வந்து, இப்படி!

டிராலரில் எஞ்சின் சூடே வெந்நீராகக் குழாய் வழியே ஒவ்வொரு அறைக்கும் போகும். எஞ்சின் நின்றதும் அதே குழாய்களுக்குத் தனி டீசல் ஹீட்டர் உண்டு. பனிக்கட்டிக் காவல் கண்ணாடிக்குப் பின்னால், கையில் காபியோடு. அதனால்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இன்லெட் என்ற குறுகிய கடல் கிளையில் ஐந்து மணி நேரம் நின்றோம், யாரும் 'போதும், போகலாம்' என்று சொல்லவில்லை.

ஆனால் டிராலர் எடுப்பவர்கள் ஹீட்டர் எந்த வகை என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். மின்சார ஹீட்டர் மட்டும் என்றால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். ரீட் இன்லெட், புளூ மவுஸ் கோவ், நார்த் சாண்டி கோவ் மூன்றிலும் கோடையில் இரவு 10 முதல் காலை 6 வரை ஜெனரேட்டர் ஓட்டத் தடை. நீங்கள் நங்கூரம் போட விரும்பும் இடங்களே அவைதான்.

பாய்மரத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரீட் இன்லெட்டில் ஒரு மாலை எஞ்சினை அணைத்துவிட்டு, முன்பாயை மட்டும் விரித்து நடை வேகத்தில் நகர்ந்தோம். பனிக்கட்டிக்குள் நூற்றாண்டுக் கணக்கில் அடைபட்டிருந்த காற்று, கட்டி உருக உருகக் குமிழாக வெடிக்கும். எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற அந்தச் சத்தம் படகின் அடியிலிருந்து காலுக்கு ஏறியது. டிராலர் ஓடும்போது அது கிடைக்காது.

புயல் காற்றில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, இரண்டு முறையும் விரிகுடாவுக்கு வெளியே உள்ள ஐசி ஸ்ட்ரெயிட் நீரிணை சாதுவாகவே இருந்தது. அடியில் கனமான கீல் (சாயாமல் நிறுத்தும் எடைத் துடுப்பு) உள்ள பாய்மரம்தான் நிதானமாக நிற்கும் என்பார் நண்பர். நம்புகிறேன், சின்ன அலைக்கே டிராலரில் கோப்பைகள் மேசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடின. சொந்தப் படகை வருடம் முழுக்கப் பராமரிக்கும் கணக்கையும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அவர் இப்போது காக்பிட்டுக்குக் கித்தான் கூடாரமும் புது ஹீட்டரும் போட்டிருக்கிறாராம். வரும் ஜூனில் வந்து பார் என்கிறார். ஜூலை என்றால் வருகிறேன் என்றிருக்கிறேன். சீல்கள் குட்டி போடும் காலமென்று ஜான்ஸ் ஹாப்கின்ஸை ஜூன் கடைசி வரை மூடி வைத்திருப்பார்கள்.